திருச்சூர் புலிக்களியில் புலியாக இறங்க: முதல் முறை வருபவர்களுக்கு

ஓணத்தின் நான்காம் நாள் மாலை, உடம்பு முழுக்கப் புலியாகப் பெயிண்ட் பூசிக்கொண்டு, திருச்சூர் நகர நடுவிலுள்ள ஸ்வராஜ் ரவுண்ட் என்ற வட்டச் சாலையைச் சுற்றி ஆடி வருவதுதான் புலிக்களி. அப்படி ஆடும் புலிகளில் ஒருவராக இறங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். ஆடத் தெரிய வேண்டுமா? தொப்பை வேண்டுமா? இரண்டுக்கும் பதில் கீழே வருகிறது. அதற்கு முன்னால் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: விடியற்காலையிலிருந்து மதியம் வரை உட்காராமல், சாயாமல், சொறியாமல் நிற்க முடியுமா? முடியும் என்றால் மேலே படியுங்கள். ஆட்டம் மாலையில் சில மணி நேரம்தான். புலியின் உண்மையான உழைப்பு அதற்கு முன்பே, பெயிண்ட் காய்கிற வரை நிற்பதில் முடிந்துவிடும்.

நாள் கணக்கு

திருவோணத்தை முதல் நாளாக வைத்து எண்ணினால் நான்காம் நாள் புலிக்களி. 2024-ல் திருவோணம் செப்டம்பர் 15, புலிக்களி 18. 2025-ல் திருவோணம் 5, புலிக்களி 8. தேதி தெரிந்துவிட்டது என்று உடனே டிக்கெட் போட்டுவிடாதீர்கள். 2018-ல் வெள்ளம் வந்தபோதும் 2020-ல் கொரோனா காலத்திலும் ரவுண்டில் வழக்கமான புலிக்களி நடக்கவில்லை. 2024-ல் வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு வேண்டாம் என்று முதலில் முடிவாகி, சங்கங்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் பிறகு நடந்தது. எனவே சங்கத்துக்காரர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள்.

தனியாக வந்து பெயர் கொடுக்கிற போட்டி இல்லை இது. நகரைச் சுற்றியுள்ள ஒவ்வொரு பகுதியும் ஒரு 'தேசம்'. விய்யூர், அய்யந்தோள், பூங்குன்னம், கானாட்டுகரை என்று ஒவ்வொரு தேசத்துக்கும் ஒரு சங்கம் உண்டு. ஒரு சங்கத்தில் சுமார் 35 முதல் 50 புலிகள் வரை இறங்குவார்கள். போட்டியை நடத்துவது மாநகராட்சி. சிறந்த அணி, சிறந்த புலிவேஷம், புலிக்கொட்டு எனப்படும் மேளம், வண்டியில் வரும் அலங்காரக் காட்சி, ஒழுங்கு என்று தனித்தனியாகப் பரிசு கொடுக்கிறார்கள். ஐரோப்பாவில் நடக்கும் உடல் ஓவியப் போட்டிகளில் போட்டியாளர் ஓவியர்தான். அவர் பெயரில்தான் பரிசு வரும், வரையப்பட்டு நிற்பவர் மாடல். இங்கே வரைகிறவர், நிற்கிறவர், கொட்டுகிறவர் எல்லோருமே சங்கத்தின் கணக்கு. கோப்பையைத் தனியாக வீட்டுக்கு எடுத்துப் போகும் எண்ணத்தோடு வருகிறவருக்கு இது ஒத்துவராது.

சங்கத்தில் இடம் பிடிப்பது

ஓணத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே சங்கங்கள் கூடிப் பேச ஆரம்பித்துவிடும். அந்தச் சமயத்தில் ஒரு முறை நேரில் போய் வருவது நல்லது. கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு வழியாக ரயிலில் மூன்று மணி நேரம்தான். தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப் போனால் பாதி வேலை முடிந்த மாதிரி. வெளியூர்க்காரர் என்பதற்காக முகம் சுளிக்க மாட்டார்கள். 'கடைசி நேரத்தில் காலை வாரிவிடுவாரோ' என்றுதான் யோசிப்பார்கள். ஏனென்றால் குறைந்தபட்ச எண்ணிக்கைக்குப் புலி சேராவிட்டால் சங்கத்துக்கே சிக்கல். வருகிறேன் என்று சொன்னால் வந்துவிட வேண்டும்.

புலிகளுக்குச் சிறு தொகை கொடுக்கும் வழக்கம் உண்டு. அதை நம்பி யாரும் வருவதில்லை. ஆனால் பேசும்போதே சில விஷயங்களைக் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். எந்தப் பெயிண்ட் பூசுகிறார்கள்? பூசும் இடத்தில் காற்று வருமா? குளிக்க, பெயிண்ட்டைத் துடைக்க எங்கே ஏற்பாடு? இரவு தங்க இடம் உண்டா? பதில் சொல்லத் தயங்கும் சங்கத்தைவிட, 'எல்லாம் உண்டு சேட்டா, வந்து பாருங்க' என்று கூட்டிப் போய்க் காட்டுகிற சங்கம் மேல்.

பெண்களும் கேட்கலாம். 2016-ல் விய்யூர் அணியில் மூன்று பெண்கள் புலியாக இறங்கினார்கள். அதுவரை இது முழுக்க ஆண்களின் ஆட்டமாக இருந்தது. தனி அறையும் பூசிவிடப் பெண்களும் இருக்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்வது அவசியம். குட்டிப் புலிகளாகச் சிறுவர்களையும் இறக்குவார்கள். என் கருத்தைக் கேட்டால், குழந்தைகள் தோலில் எனாமல் பெயிண்ட் படவே கூடாது. புலித் துணி உடுத்தி, முகமூடி மாட்டி விட்டாலே அவர்களுக்குப் போதும்.

எந்தப் புலி?

உடம்பில் கோடு விழுந்த வரயன் புலி, புள்ளி போட்ட புள்ளிப் புலி, முழுக் கறுப்பில் கரிம்புலி என்று வகைகள் உண்டு. புதியவருக்கு வரயன்தான் நல்லது. புள்ளிப் புலி பார்க்க அழகு. ஆனால் முதுகில் பெரிதாகத் தொடங்கும் புள்ளிகள் வயிற்றுப் பக்கம் வரவரச் சிறுத்துக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொன்றாக வைத்து முடிக்க நேரம் பிடிக்கும், அத்தனை நேரமும் நிற்கப்போவது நீங்கள். அண்மைக் காலமாக நீலம், பச்சை, பளீரென்று மின்னும் ஃப்ளோரசன்ட் நிறங்களிலும் புலிகள் வருகின்றன. படம் எடுப்பவர்களுக்குப் பிடிக்கும். எனக்கென்னவோ மஞ்சளும் கறுப்பும்தான் புலி.

தொப்பை விஷயத்துக்கு வருகிறேன். கட்டாயம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் தொப்பைக்காரருக்குத்தான் மவுசு. புலியின் முகத்தை வயிற்றில் வரைவார்கள். மேல் வயிற்றில் கண்கள், தொப்புளைச் சுற்றிப் பிளந்த வாய், சிவந்த நாக்கு. வயிற்றை எக்கிக் குலுக்கும்போது அந்த வாய் திறந்து மூடும். ஒல்லியானவரின் வயிற்றில் அது நடக்காது. அவர்களுக்கு வேகம் இருக்கிறது, துள்ளல் இருக்கிறது. முன்வரிசையில் பாய்கிறவர்களாக வைத்துக்கொள்வார்கள். இதற்காக இரண்டு மாதம் வயிற்றை வளர்க்க வேண்டியதில்லை!

பெயிண்ட்: இங்கே அவசரம் கூடாது

பழைய முறையில், பொடி நிறங்களை வார்னிஷ் விட்டு அம்மியில் அரைப்பார்கள். நாலைந்து பேர் மாற்றி மாற்றி, நாள் கணக்கில். தேங்காய்த் துவையல் பதம் போதாது, விரலில் தொட்டுத் தேய்த்தால் நறநறவென்று எதுவும் தட்டுப்படக் கூடாது. சரியாக அரைபடாத பொடி தோலில் திட்டுத்திட்டாக நிற்கும், காய்ந்தபின் உதிரும். இப்போது டப்பா எனாமலும் கலந்து வருகிறது.

ஏன் இவ்வளவு முரட்டுப் பெயிண்ட்? காரணம் எளிது. ஆகஸ்ட், செப்டம்பரில் திருச்சூரில் எப்போது வேண்டுமானாலும் மழை தூறும். மழை இல்லாவிட்டால் புழுக்கம். தண்ணீரில் கரையும் நாடகப் பூச்சு பூசினால் ரவுண்டை எட்டும் முன்பே வியர்வையில் கோடெல்லாம் வழிந்துவிடும். எனாமலும் வார்னிஷும் அசையாது.

அசையாது என்பதால்தான் ஆபத்தும். கதவுக்கும் ஜன்னலுக்கும் அடிப்பதற்காகச் செய்த பொருள் அது. தோலில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் புலிகள் நிற்கிறார்கள். நீங்களும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். ஆஸ்துமா, எக்சிமா, சொரியாசிஸ், இதய நோய், அடங்காத ரத்த அழுத்தம் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். கேட்டால் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார்.

ஈயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மஞ்சள், ஆரஞ்சு நிறங்களுக்கு முன்பெல்லாம் ஈயக் குரோமேட் சேர்ப்பார்கள். புலிக்கு வேண்டிய அதே மஞ்சள்! வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் 2016-ல் விதி போட்டார்கள், 2017 நவம்பரில் அது அமலுக்கு வந்தது. ஆகவே யாரோ வீட்டுப் பரணில் கிடந்த பழைய டப்பா வேண்டாம், தொழிற்சாலை இயந்திரங்களுக்கு அடிக்கும் பெயிண்டும் வேண்டாம். டப்பாவைக் கையில் வாங்கித் தயாரித்த தேதியையும் 'ஈயம் சேர்க்காதது' என்ற குறிப்பையும் பாருங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

உடலுக்கென்றே செய்த, ஆல்கஹாலில் கரைத்துப் பூசும் பூச்சுகள் சந்தையில் இருக்கின்றன. வியர்வையைத் தாங்கும், தோலுக்கும் இதைவிடப் பரவாயில்லை. விலைதான் இடிக்கும். ஐம்பது புலிக்கும் அதை வாங்கச் சங்கத்தால் முடியாது. உங்கள் ஒருவருக்கு மட்டும் நீங்களே வாங்கிக் கொடுத்தால் ஒப்புக்கொள்வார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். நிறம் மற்ற புலிகளோடு ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான்.

எந்தப் பூச்சாக இருந்தாலும் சோதனை அவசியம். பூசப்போகிற அதே கலவையில் ஒரு ரூபாய்க் காசு அளவு முழங்கையின் உட்புறம் தடவி, காய்ந்ததும் அவர்கள் துடைக்கும் முறையிலேயே துடைத்துவிட்டு, இரண்டு நாள் கவனியுங்கள். சிவந்தாலோ, அரித்தாலோ, கொப்புளம் கிளம்பினாலோ இந்த வருடம் ஓரமாக நின்று பாருங்கள். இதற்காகவே இரண்டு மூன்று நாள் முன்னால் ஊர் போய்ச் சேர வேண்டும்.

சவரம்

கழுத்துக்குக் கீழே முடி இருக்கக் கூடாது. இருந்தால் பெயிண்ட் சமமாகப் படியாது. அது போகட்டும், இரவு துடைக்கும்போது ஒவ்வொரு முடியும் பெயிண்ட்டோடு பிடுங்கிக்கொண்டு வரும். பலர் முந்தின நாள் இரவு கூட்டமாக உட்கார்ந்து சிரைத்துக்கொள்வார்கள். நீங்கள் அதற்கும் ஒரு நாள் முன்பே முடித்துவிடுங்கள். பிளேடு பட்ட புதுக் காயத்தில் வார்னிஷ் பட்டால் எரிச்சல் உயிர் போகும். டிரிம்மரால் ஒட்ட வெட்டினாலே பெரும்பாலும் போதும் என்பது என் அபிப்பிராயம். அக்குளில் மட்டும் கவனம்.

புலிமடை

பூச்சு நடக்கும் இடத்துக்குப் புலிமடை என்று பெயர். பள்ளிக்கூடம், மண்டபம், யாராவது ஒருவர் வீட்டு முற்றம், எதுவாகவும் இருக்கலாம். விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். போவதற்கு முன்னால் வயிற்றைக் காலி செய்துகொள்ளுங்கள். கஞ்சி, நேந்திரம்பழம், ஆவியில் வெந்த புட்டு போன்ற லேசான சாப்பாடு போதும். புரோட்டா, பீஃப் எல்லாம் ராத்திரிக்கு.

எண்ணெய் தேய்த்துக்கொண்டு வராதீர்கள், பெயிண்ட் பிடிக்காது. அரைக்கால் சட்டை மட்டும் உடுத்தி, ஸ்டூல் மேலோ தரையிலோ நிற்க வேண்டும். இரண்டு கையையும் உடம்பில் படாமல் விரித்து, ஊன்றிய கம்பையோ கட்டிய கயிற்றையோ பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் பூச்சு அடிப்படை நிறம். வயிறு வெளிர், முதுகும் கை காலும் மஞ்சள். பிறகு காய விட்டு இரண்டு மூன்று மணி நேரம் காத்திருப்பு. மின்விசிறி முன்னால் வரிசையாக நிற்பார்கள். அப்புறம் ஆரஞ்சு நிழல், வயிற்றில் முகம், கடைசியில் கறுப்புக் கோடு.

பூசுகிற ஆசான்கள் அதிகம் பேச மாட்டார்கள். காலையிலிருந்து உங்கள் காதில் விழப்போவது பெரும்பாலும் 'அனங்ஙல்லே', அசையாதே என்று அர்த்தம். மூக்கு அரிக்கும். முதுகில் தூரிகை ஓடும்போது கூச்சம் நெளியும். கோடு போடும்போது மூச்சை வெளியே விட்டுவிட்டு ஒரு கணம் நிறுத்துங்கள். வயிற்றில் கண் வரையும்போது இது மிகவும் முக்கியம், இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் வருவது உங்கள் மூச்சைப் பொறுத்தது. சிரிப்பு வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தூரிகையை எடுத்துக்கொள்வார்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஆசானிடம் வாய் திறந்து கேளுங்கள்: மெல்லிசாகப் பூசுங்கள் என்று. தடிமனாகப் பூசினால் மேலே காய்ந்த மாதிரி தெரியும், அடியில் பிசுபிசுப்பு அப்படியே இருக்கும். கை மடக்கியதும் முழங்கையிலும் அக்குளிலும் தொப்பை மடிப்பிலும் பாளம் பாளமாக வெடிக்கும். காய்கிற வரை கையை மடக்காதீர்கள், தொடையைத் தொடையோடு சேர்க்காதீர்கள். உட்காரவே முடியாதா என்றால், முடியாது.

தண்ணீரை உறிஞ்சுகுழல் போட்டுக் குடியுங்கள். சிறுநீருக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. உடம்பு முழுக்கப் பெயிண்ட் பூசினால் தோல் மூச்சுவிட முடியாமல் ஆள் செத்துப்போவான் என்று ஒரு கதை உண்டு. அது பொய், மூச்சு நுரையீரலில்தான் நடக்கிறது. உண்மையான ஆபத்து சூடு. தோலிலிருந்து வியர்வை ஆவியாகிப் போனால்தானே உடம்பு குளிரும்? பூச்சினால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. மேலே முகமூடி வேறு. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், பேச்சுக் குழறல் இதில் எது வந்தாலும் உடனே முகமூடியைக் கழற்றி நிழலில் நிற்க வேண்டும், கூட இருப்பவரிடம் சொல்ல வேண்டும். மது வேண்டவே வேண்டாம். உடம்பில் இருக்கும் கொஞ்ச நீரையும் அது வெளியே தள்ளிவிடும்.

இன்னொன்று, மடைக்குள் யாரும் பீடி, சிகரெட் பற்றவைக்க விடாதீர்கள். வார்னிஷும் டர்பன்டைனும் மண்ணெண்ணெயும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

ஆட்டம்

முகமூடி காகிதக் கூழில் செய்தது. முடி, மீசை, பல், தொங்கும் நாக்கு எல்லாம் இருக்கும். கண் துளை வழியாக நேரே தெரியும், கீழே தெரியாது. முந்தின நாளே மாட்டிக்கொண்டு நடந்து பழகுங்கள். இடுப்பில் அரமணி, அதாவது மணிகள் கோத்த பட்டை கட்டுவார்கள். பெயிண்ட் மேல் உரசாமல் இருக்க அடியில் துணிப் பட்டை கேளுங்கள்.

அடவு ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. கொட்டுக்கு ஏற்ப இடுப்பை ஒடித்து, வயிற்றைக் குலுக்கி, பதுங்கிப் பாய்வது. ஒத்திகைக்கு இரண்டு மாலை போனால் பிடிபடும். தஞ்சை, நாகூர்ப் பக்கம் புலியாட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்னும் சுலபம். ஆனால் நம் ஊர்ப் புலி போலக் குட்டிக்கரணம் போடாதீர்கள், முதுகில் இருக்கும் ஆறு மணி நேர வேலை தாரில் ஒட்டிக்கொள்ளும்.

பிற்பகலில் தேசத்திலிருந்து கிளம்பி மாலைக்குள் ஸ்வராஜ் ரவுண்டை அடைவார்கள். நடுவில் தேக்கின்காடு மைதானமும் வடக்குநாதர் கோயிலும். சுற்றிலும் சாலை, ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். நடுவிலால் கணபதி கோயில் முன்னால் தேங்காய் உடைத்துவிட்டு ஆட்டம். கொச்சி அரசர் சக்தன் தம்புரான் காலத்தில் தொடங்கியது என்பார்கள். அவர் ஆண்டது 1790 முதல் 1805 வரை. அவர் விரும்பிக் கேட்ட ஆட்டம், இன்று அவர் அமைத்த நகரில் சாலைப் போக்குவரத்தையே நிறுத்திவிடுகிறது.

நடுவர் எதைப் பார்ப்பார்? அவர் தூரத்தில், உயரத்தில் இருக்கிறார். விளக்கு போட்ட பிறகுதான் பல அணிகள் அவர் முன்னால் வரும். நுணுக்கமான மயிர்க்கோடுகள் அங்கே எடுபடாது. பளிச்சென்ற எல்லைக்கோடு, வாய் திறந்து மூடும் வயிறு, வரிசை கலையாத அணி, இவைதான் கண்ணில் விழும். கூட்டத்தில் செல்ஃபிக்கு இழுப்பார்கள், தோளில் கை போடுவார்கள். சிரித்துக்கொண்டே விலகுங்கள். புதிய புலி வரிசையை விட்டு நகர்வதால் ஒழுங்குக்கான மதிப்பெண் போகிறது என்று சங்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், மனதில் வைத்துக்கொள்வார்கள்.

இரவு: துடைப்பது

பூசியதைவிட எடுப்பது சிரமம். பலர் மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்ப்பார்கள், வேகமாகப் போகும். நீங்கள் தேங்காயெண்ணெயில் ஆரம்பியுங்கள். தாராளமாகத் தடவிக் கால் மணி நேரம் ஊற விட்டு, பழைய பருத்தித் துணியால் ஒரே திசையில் துடையுங்கள். மறுபடி எண்ணெய், மறுபடி துணி. பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனால் உபயோகம். பிடிவாதமான இடங்களுக்கு மட்டும் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய். முகத்துக்கும் மறைவிடத்துக்கும் அது கூடாது. தின்னர் எதற்கும் கூடாது. கடைசியில் சோப்பும் வெதுவெதுப்பான நீரும். பீர்க்கங்கூட்டை வைத்து உரசித் தோலைப் புண்ணாக்க வேண்டாம். நகக்கண்ணிலும் காது மடலின் பின்னாலும் ஒட்டியது தானாக இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

மறுநாள் தோல் வறண்டு இழுக்கும். எண்ணெயோ வாசனை சேர்க்காத கிரீமோ தடவி, வெயில் படாமல் இருங்கள். கொப்புளம், வீக்கம், மூச்சிரைப்பு தெரிந்தால் என்ன பூசினீர்கள் என்பதையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்காகவே பெயிண்ட் டப்பாவை மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்திருப்பது நல்லது.

அன்று இரவே ஊர் திரும்ப டிக்கெட் போடாதீர்கள். ரவுண்டை விட்டு வெளியே வருவதற்கே நேரமாகிவிடும், துடைத்து முடிக்க நடுநிசி. மறுநாள் மதியத்துக்கு மேல் போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் ஜன்னல் திறந்திருக்கும் பெட்டியில். ஏசி பெட்டியில் ஏறினால் மண்ணெண்ணெய் வாடைக்குப் பக்கத்து இருக்கைக்காரர் டிடிஆரைக் கூப்பிட்டுவிடுவார்.